சாமி பங்கு

"மாபோக் லா இது," என்றான் கிளினிக் வாசலில் நின்றிருந்த உதவியாள். சக்கர நாற்காலியை நகர்த்தக்கூட அவன் கை நீளவில்லை. பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு: குடிபோதை.

சரளாவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. அவள் தோளில் சாய்ந்திருந்த புருஷன் தனேஸ்வரனுக்குக் கண் இமை இரண்டும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. பேச வாயெடுத்தால் சொல் குழைந்தது. நடை தள்ளாடியது. இந்த மூன்றையும் ஒரு தமிழனிடம் பார்த்துவிட்டால் இந்த ஊரில் யாருக்கும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. கதவு திறந்துவிடுகிறவன்கூட நோயைக் கண்டுபிடித்துவிடுவான். சொன்னவனும் தமிழன்தான் என்பது அவள் வயிற்றெரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

"கிட்ட வந்து அவரு வாய மோந்து பாரு தம்பி. பாத்துட்டு அப்புறம் பேசு," என்றாள். "தண்ணிய வுட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா உனக்கு? ராத்திரி பகலா கேட்டுல காவலுக்கு ஜாகா வேலை நிக்கிற மனுசன். மாபோக்காம்ல, மாபோக்!"

சரளாவின் குரல் எப்போதுமே பெரியது. ஜெலாப்பாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. உள்ளே இருந்த டாக்டர் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்து வந்தார். வந்து டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். முகம் மாறியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். உதவியாள் அதற்குள் எங்கோ வேலையாகப் போய்விட்டிருந்தான்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தனேஸ்வரனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. சரளா இரண்டு பேராகத் தெரிகிறாள் என்று எப்படியோ சொல்லி முடித்தான். நாக்கு ஒத்துழைத்திருந்தால், ஒருத்தியையே சமாளிக்க முடியவில்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பான். அப்படிப்பட்ட ஆள்தான். மாலைக்குள் அவன் தொண்டையில் குழாய் இறங்கியது. மூச்சை இயந்திரம் விட்டது.

டாக்டர் ஆஃப்ஷீன் பினாங்குத் தமிழ் பேசினார். சின்ன வயசு, தூக்கம் காணாத கண். சரளாவை வெளியே அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"அக்கா, இது பக்கவாதம் இல்ல. காய்ச்சல் இல்ல. புத்தி தெளிவா இருக்கு. கண்ணுல ஆரம்பிச்சி, தொண்டைக்கு வந்து, இப்ப நெஞ்சுக்கு எறங்குது. பொட்டுலிசம்னு ஒரு விஷம். சாப்பாட்டுலேருந்து வாறது. எனக்கு அந்தச் சந்தேகம். ரெண்டு மூணு நாளா என்னென்ன சாப்பிட்டாரு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சரளா ஒன்று விடாமல் சொன்னாள். தாவூத் பாய் கடையில் தோசை. அங்கேயே மீன் தலைக் கறி. வீட்டில் ரசம், சோறு, முட்டை. வேலையிடத்தில் கோப்பி, பிஸ்கட். டாக்டர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார்.

"இந்த விஷத்துக்கு மாத்து மருந்து இருக்கு. ஆனா இங்க இல்ல, கோலாலம்பூர்லேருந்து வரவழைக்கணும். அவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. எதுலேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நான் சண்டை போட்டு வாங்கிருவேன். ஆன சேதத்த அது சரிபண்ணாது. இதுக்கு மேல போகாம நிறுத்தும். அதனால இன்னிக்கே வேணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இன்னொண்ணு. அவரு அசையலன்னு தூங்குறாருன்னு நினைக்காதீங்க. எல்லாம் கேக்குது. இமையத் தூக்க சக்தி இல்ல, அவ்வளவுதான். நீங்க விரலால தூக்கிப் புடிச்சா உங்களப் பாப்பாரு."

சரளா உள்ளே போய் அவன் இமையை ஒரு விரலால் தூக்கினாள். அடியில் தனேஸ்வரன் முழுசாக இருந்தான். பயந்துபோய் இருந்தான். அவள் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல," என்றாள்.

மறுநாள் காலை வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தாவூத் பாய் கடை பூட்டிக் கிடந்தது. கதவில் சுகாதார அலுவலகத்தின் நோட்டீஸ். போனில் அந்தக் கதவின் படம் அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டிருந்தது. கூடவே கரப்பான்பூச்சி, எலி என்று அவரவர் கற்பனைக்கு எட்டியதெல்லாம். கடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் தாவூத் பாய் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நீதான் சொன்னியாமே தங்கச்சி?"

"டாக்டர் கேட்டாங்க பாய். சாப்பிட்டதத்தான் சொன்னேன்."

"சொல்லு, தப்பில்ல. ஆனா ஒண்ணு யோசிச்சியா? அதே மாவு, அதே கறி. நானும் என் வூட்டுக்காரி சுபைதாவும் மூணு வேளையும் அதத்தான் திங்கிறோம். ஜெலாப்பாங்ல பாதிப் பேரு காலையில இங்கதான் உக்காந்திருக்கான். எங்க யாருக்கும் ஏன் இம தொங்கல?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், மனசு ஆறியிருக்கும். "தனேஷ் எப்படி இருக்கான்?" என்று கடைசியில் கேட்டார். மெஷின்லதான் மூச்சு என்று சொல்லிவிட்டு அவள் வேனை எடுத்தாள்.

எங்க யாருக்கும் ஏன் இம தொங்கல என்று அவர் கேட்டது ஆஸ்பத்திரி வரைக்கும் அவளோடு வந்தது.

அங்கே வார்டு வாசலில் பவித்ரன் நின்றிருந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அம்மாவின் செருப்பு. அவள் வளர்ந்த அதே தோட்டத்துப் பையன், இப்போது ஆயர் தாவாரில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவன். அவன் அம்மா நல்லம்மாளைச் சற்று முன்தான் தள்ளுபடுக்கையில் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். சரளா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். அதே இமை. பாதி மூடிய அதே கண்.

நல்லம்மாள் வாழ்க்கையில் ஜெலாப்பாங்குக்கு வந்ததே இல்லை. தாவூத் பாய் யார் என்றே அவளுக்குத் தெரியாது. டாக்டர் ஆஃப்ஷீனும், சுகாதார இன்ஸ்பெக்டர் ரொஹானி என்ற அம்மாவும் பவித்ரனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சி, கருவாடு, பக்கத்து வீட்டு ரொட்டி, வாழைப்பழம். அவனும் ஒன்று விடாமல்தான் சொன்னான்.

சரளாவுக்குப் போன வாரம் கண்முன் வந்தது. ஆயர் தாவாரில் வேனை நிறுத்தி, பழைய தோட்டத்துக் கோயில் படையல் பாக்கெட் ஒன்றை நல்லம்மாள் கையில் கொடுத்தாளே. "தோட்டம் என்னைய மறக்கலயே," என்று அந்த மனுஷி கண்ணில் ஒற்றிக்கொண்டாளே. அதே மாதிரி ஒரு பாக்கெட்டைத் தன் வீட்டுச் சாமி மேடையில் வைத்து, தனேஸ்வரனுக்குச் சோற்றோடு போட்டாளே.

அவள் பவித்ரன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பவித்ரா, அம்மா சாமி பங்கு சாப்பிட்டாங்களா?"

"சாப்டாங்கக்கா. வெள்ளிக்கெழம சாமி கும்புட்டுட்டு, கஞ்சியோட."

"அத ஏன்டா இவங்ககிட்ட சொல்லல?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "அது சாமி பங்குலா அக்கா. இவங்க சாப்பாட்டத்தானே கேட்டாங்க."

அவனை அறையலாம் போல் வந்தது. ஆனால் அந்த அறையில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. தோசையிலிருந்து பிஸ்கட்வரை ஒப்பித்தவள் அவளும் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, மறந்துபோகவும் இல்லை. சாமிக்குப் படைத்தது சாப்பாட்டில் சேராது, அவ்வளவுதான். விரதம் இருக்கிறவள்கூட அதைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு நான் இன்னும் சாப்பிடவில்லை என்பாள். பிறந்ததிலிருந்து பழகிய கணக்கு அது. அந்தக் கணக்கை இந்த ஆஸ்பத்திரியில் யாரும் படித்ததில்லை.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு உள்ளே தள்ளி, அவர்கள் எல்லோரும் விட்டுவந்த ஒத்தப்பாலத் தோட்டம். ஒரு காலத்தில் முழுக்க ரப்பர் பால்மரம், அப்புறம் செம்பனை, இப்போது பாதி வீடமைப்பு. சனங்கள் லயத்து வரிசை வீடுகளை விட்டு நாலாபக்கமும் சிதறிவிட்டார்கள். கோயில் மட்டும் அங்கேயே நின்று வளர்ந்தது. முதலில் மரத்தடியில் முனியாண்டிக் கல் ஒன்றுதான். பிறகு மாரியம்மன் வந்தாள், கோபுரம் வந்தது, குருக்கள் வந்தார். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் கோயில் தலைவர் விக்னேஸ்வரன் இனி இது சுத்த சைவக் கோயில் என்று அறிவித்தார். முனியாண்டி மதிலுக்கு வெளியே, பின்புறம் போனார். போனாலும் அவருக்கு வருஷப் படையல் நின்றுவிடுமா? இந்த வருஷமும் செம்பனைக் காட்டில் பிடித்த காட்டுப்பன்றியை எண்ணெய் மிதக்கப் பெரட்டல் போட்டுப் படைத்தார்கள். முதல் கரண்டி தலைவர் இலையில்தான் விழுந்தது. ஆனால் பேச்சில் மட்டும் அந்தக் கறி கிடையாது.

அந்தப் படையலுக்குச் சில முறைகள் உண்டு. சமைக்கும்போது உப்புப் பார்க்கக் கூடாது. படைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. தோட்டத்து வீடு ஒவ்வொன்றுக்கும் பங்கு போக வேண்டும், வரமுடியாதவர்களுக்கு முக்கியமாக. லயத்தில் இருந்தவரை பிரச்சினை இல்லை. சட்டி ஆறுவதற்குள் பங்கு எல்லா வீட்டு வாசலுக்கும் போய்விடும். இப்போது ஜெலாப்பாங் எங்கே, ஆயர் தாவார் எங்கே? தலைவருக்குத்தான் யோசனை பிறந்தது. அவர் டுரியான் பழச் சுளையைக் காற்றை உறிஞ்சி பாக்கெட்டில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரி. அந்த மெஷினைக் கொண்டுவந்து சாமி பங்கையும் அப்படியே அடைத்தார். "கெட்டே போகாது, பாருங்க," என்று எல்லோருக்கும் தட்டித் தட்டிக் காட்டினார். டுரியானை உறையவைத்து அனுப்புகிறோம் என்பது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. கோயில் ஐஸ் பெட்டியில் அம்மனுக்குப் பாலும் பூவும் இருந்தன. அதில் கறியை வைக்கலாமா? தீட்டு. எனவே பாக்கெட்டுகள் ஸ்டோர் அறையில் ஒரு வாளியில் கிடந்தன, பள்ளி விடுமுறை வந்து சரளாவின் வேனுக்கு ஓய்வு கிடைக்கும்வரை.

இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் கொட்டியதும் டாக்டர் ஆஃப்ஷீன் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?"

"அன்னிக்கே, கோயில்லயே, சுடச்சுட. அங்க தின்ன ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகாது. இந்தக் கிருமி காத்து இல்லாத எடத்துலதான் விஷம் கக்கும். நீங்க எண்ணெயில மூடி, காத்தையும் உறிஞ்சி, வெளிய வெக்கையில போட்டு வச்சிருக்கீங்க. திங்கிறதுக்கு முன்னால நல்லா கொதிக்க வச்சிருந்தாக்கூட விஷம் அடங்கியிருக்கும்."

"படைச்சத அடுப்புல ஏத்தக் கூடாது டாக்டர்," என்றாள் சரளா. சொன்ன பிறகு அந்த வார்த்தையைக் கேட்க அவளுக்கே சகிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ரொஹானி டாக்டர் காதருகே மலாயில் ஏதோ சொன்னார். டாக்டர் முகம் சுருங்கியது. "ரெண்டு நோயாளியும் ஒரே தோட்டம்னதும் இவங்க கோயிலுக்குப் போன் பண்ணியிருக்காங்க. கறியே கிடையாது, சர்க்கரைப் பொங்கல் மட்டும்தான்னு தலைவர் அடிச்சுச் சொல்லிட்டாராம்."

பவித்ரன் தலையைத் தூக்கினான். "நான்கூட அவருக்குத்தான்க்கா முதல்ல போன் பண்ணேன். அம்மாவுக்குக் கண்ணு தொறக்கல, பேச்சு கொழறுதுன்னு. தனேஷ் அண்ணனுக்கும் அப்படித்தான், சாமி குத்தம், வீபூதி பூசி எலுமிச்சம்பழம் சுத்திப் போடு, கும்பாபிசேகம் முடிஞ்சா சரியாயிரும்னாரு. அதான் ஒரு நாள் வூட்டுலயே வச்சிருந்துட்டேன்."

ஒரு நாள். இன்றைக்கே வேண்டும் என்று டாக்டர் சொன்ன மருந்துக்கு ஒரு நாள். 

"மருந்துக்கு இப்பவே பேசுறேன், ரெண்டு பேருக்கும்," என்று டாக்டர் எழுந்தார். "ஆனா மிச்ச பாக்கெட் யார் யார்கிட்ட இருக்கு? யாரும் வாயில வைக்கக் கூடாது. எங்கெங்க போச்சுன்னு தெரியுமா?"

"நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

அவள் வரிசையாகப் போன் போட்டாள். முதல் வீட்டில், அப்படி எதுவும் வரவே இல்லையே என்றார்கள். இரண்டாவது வீட்டில் எடுக்கவில்லை. மூன்றாவதாக விமலா எடுத்தாள். தயங்கித் தயங்கி, "தலைவர் குரூப்ல போட்டிருக்காருலா அக்கா, நீங்க பாக்கலியா?" என்றாள்.

பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அலைந்ததில் இரண்டு நாளாகத் திறக்காத கோயில் குரூப். தலைவர் அழகான தமிழில் எழுதியிருந்தார். ஒரு முஸ்லிம் மாமாக் கடைச் சாப்பாட்டால் வந்த கோளாறுக்கு நம் ஆலயத்தின் பெயரை இழுக்கச் சிலர் முயல்கிறார்கள். வெளியார் யாரிடமும் பேச வேண்டாம். வீட்டில் சாமி பங்கு இருந்தால் குப்பையில் போட்டுப் பாவம் தேடாமல், பிரசாதமாக இன்றே உண்டு முடித்துவிடவும். கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள்.

உண்டு முடித்துவிடவும்! தடயத்தை அழிக்க இவருக்கு மண்வெட்டி கிடைக்கவில்லை, சனங்களின் வயிறு கிடைத்தது.

ரொஹானியையும் வேனில் ஏற்றிக்கொண்டு சரளா தோட்டத்துக்கு ஓட்டினாள். கோபுரத்தில் சாரம் கட்டி வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் தலைவர் விக்னேஸ்வரன் ஆள்களை ஏவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"வா தங்கச்சி. தனேஷ் பேருல அர்ச்சனைக்குச் சொல்லிட்டேன்."

"அர்ச்சனை கெடக்கட்டும் அண்ணே. குரூப்ல போட்டத அழிச்சிட்டு, யாரும் பாக்கெட்டத் தொடாதீங்கன்னு போடுங்க. இந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க."

தலைவர் ரொஹானியை ஒரு பார்வை பார்த்தார், சரளாவைச் சற்று ஒதுக்கமாக இழுத்தார். "என்னா சரளா, விவரம் தெரியாத புள்ள மாதிரி. அதே கறிய நான் தின்னேன். நீயும் தின்ன. எனக்கு என்னா ஆச்சு, உனக்கு என்னா ஆச்சு? எவனோ தோசையில என்னத்தப் போட்டானோ. கும்பாபிசேகத்துக்குப் பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க. சுத்த சைவம்னு பத்திரிகை அடிச்சிக் கொடுத்தாச்சு. பின்னால பன்னி வெட்டினாங்கன்னு வெளிய போனா நம்ம சனம் தலை நிமிர முடியுமா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்! என் புருசன் மூச்ச மெஷின் வுடுது. நல்லம்மாக்கா கெடக்கிறாங்க. தாவூத் பாய் செய்யாத தப்புக்குக் கடையப் பூட்டிட்டு ரோட்டுல உக்காந்திருக்காரு. உங்களுக்கு ஊரு சிரிக்கிறதுதான் கவலையா?"

"மெதுவா பேசு."

"மெதுவா பேசித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

தலைவர் கையை உதறினார். "நான் ஒண்ணும் போடமாட்டேன். உன்னால ஆனதப் பாரு."

அவளால் ஆனது என்ன என்று அவருக்குத் தெரியாது. சரளா போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அழுத்தினாள். நாதஸ்வரத்துக்கு மேலே அவள் தொண்டை போயிற்று. சாரத்தில் நின்றவர்கள் தூரிகையை நிறுத்தினார்கள்.

"நான் வேன் சரளா பேசுறேன். கோயில்லேருந்து பேசுறேன், தலைவர் பக்கத்துலதான் நிக்கிறாரு. போன வாரம் என் கையால உங்க வூட்டுக்குக் கொடுத்த சாமி பங்கு வெசமாயிருச்சு. யாரும் வாயில வைக்காதீங்க. தின்னிருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணு மங்கினாலோ நாக்கு கொழறினாலோ வீபூதி பூசிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. டாக்டர் கேட்டா காட்டுப்பன்னின்னு சொல்லுங்க. சாமி பங்குன்னு சொன்னா அவங்களுக்குப் புரியாது. நானும் இன்ஸ்பெக்டரும் வாறோம், பாக்கெட்ட எடுத்து வைங்க."

தலைவர் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் போய்விட்டது.

அன்றைக்கு அந்தப் பள்ளி வேன் வீடு வீடாக அலைந்தது. விமலா வாசலிலேயே பாக்கெட்டோடு நின்றாள், பிள்ளையைத் தொடவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. சிலர் முகத்தைக் காட்டாமல் கதவு இடுக்கில் நீட்டினார்கள். ரொஹானி கையுறை போட்டு ஒவ்வொன்றையும் வாங்கிப் பெட்டியில் வைத்தார். இரண்டு பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருந்தன. மற்றவை பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அதுதான் சரளாவுக்கு அதிக ஆத்திரமாக இருந்தது.

ஜெலாப்பாங் அடுக்குமாடியில் அப்பாவு அண்ணன் தட்டில் சோற்றைப் போட்டு, பாக்கெட்டை வெட்டிக் கொட்டி உட்கார்ந்திருந்தார். தலைவர் சொல்லைத் தட்டாத மனுஷன். குரல் பதிவெல்லாம் கேட்கத் தெரியாது. சரளா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்த் தட்டை இழுத்தாள்.

"ஏய், சாமி பங்குல கை வைக்கிறியா? வெளங்குவியா நீ?"

"வைக்கிறேன். சாமிக்குக் கோவம் வந்தா நேரா என்கிட்ட வந்து கேக்கட்டும். நீங்க வாயத் தொறங்க. தின்னீங்களா? ஒரு வாயாவது?"

இன்னும் இல்லை. பிசைந்த கை பிசைந்தபடி இருந்தது. ரொஹானி அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவவைத்தபோது, அப்பாவு அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டு அழுதார். சரளாவுக்கு அழுகை வரவில்லை. அவள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

மருந்து வந்தது. டாக்டர் ஆஃப்ஷீன் சண்டை போட்டுத்தான் வாங்கினார் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். தனேஸ்வரனுக்கு ஏற்றினார்கள், இறங்கிக்கொண்டே போன முடக்கம் அதோடு நின்றது. இனி நரம்பு தானாக முளைத்து வரவேண்டும், மாதக் கணக்காகும், ஆனால் வருவார் என்றார் டாக்டர். நல்லம்மாளுக்கும் அதே மருந்தைத்தான் ஏற்றினார்கள். வீபூதி பூசி வீட்டில் வைத்திருந்த அந்த ஒரு நாளை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவரவில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள். பவித்ரன் அந்தச் செருப்புப் பையோடு ஆயர் தாவாருக்குத் திரும்பினான்.

தாவூத் பாய் கடை மறுபடி திறந்தது. நோட்டீஸை ஒட்ட வந்தபோது கூடிய கூட்டம் அதைக் கிழிக்கும்போது கூடவில்லை. எலிப் படம் போட்டவர்களில் ஒருவரும் மன்னிப்புப் படம் போடவில்லை. சரளா போய் நின்றபோது பாய் கேட்டது தனேஷ் எப்படி என்றுதான். அவள் அங்கேயே நின்று ஒரு கோப்பி குடித்தாள், எல்லோரும் பார்க்கும்படியாக.

கும்பாபிஷேகமும் சிறப்பாக நடந்தது. பாக்கெட்டில் விஷம் இருந்தது சோதனையில் உறுதியாகியும், தலைவர் ஒரு படி இறங்கவில்லை. மதிலுக்கு வெளியே யாரோ குடிகாரர்கள் சமைத்தது, ஆலயத்துக்குச் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது என்று சுகாதார அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். குடிகாரர்கள்! கிளினிக் வாசலில் ஆரம்பித்த அதே வார்த்தை கோயில் வாசல்வரை வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவரே வார்டுக்கு வந்தார். நெற்றி நிறைய வீபூதி, கழுத்தில் பொன்னாடை, கையில் சர்க்கரைப் பொங்கல் டப்பா. படம் எடுக்க ஒரு ஆள் வேறு. அந்த நேரம் டாக்டர் ஆஃப்ஷீனும் ரொஹானியும் கட்டில் அருகே நின்றிருந்தார்கள்.

"தனேஷு, அம்மன் பிரசாதம் கொண்டாந்திருக்கேன்பா," என்றார். "பாவம், தூங்குறாரு போல."

"தூங்கல," என்றாள் சரளா. "இப்படி வாங்கண்ணே. இன்னும் கிட்ட."

அவர் குனிந்தார். சரளா விரலை வைத்துப் புருஷனின் இமையைத் தூக்கினாள். அந்தக் கண் மெல்ல நகர்ந்து தலைவர் முகத்தில் வந்து நின்றது.

"அவருக்கு எல்லாம் தெரியுது, எல்லாம் கேக்குது. வாயி மட்டுந்தான் இல்ல. ஆபீஸ்ல சொன்னத இந்தக் கண்ணப் பாத்துச் சொல்லுங்க. முனியாண்டிக்கு நாங்க கறி ஆக்கல, நான் பாக்கெட் போடல, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. சொல்லிட்டுப் பொங்கல வச்சிட்டுப் போங்க."

படம் எடுக்க வந்தவன் போனைக் கீழே இறக்கினான். இயந்திரம் மூச்சை இழுத்து விட்டது. தலைவர் வேறு பக்கம் திரும்பப் பார்த்தார். சரளா விரலை எடுக்கவில்லை. தனேஸ்வரனின் கண்ணோரம் ஈரம் கட்டி வழிந்தது. அப்போதும் அந்தக் கண் அவரை விடவில்லை.

"ஆக்கினோம்," என்றார் தலைவர். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. "நான்தான் அடைச்சேன்."

ரொஹானி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மலாயில் மொழிபெயர்க்க வாயெடுத்தார். சரளா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"சத்தமா சொல்லுங்கண்ணே," என்றாள். "நல்லம்மாக்கா ஆயர் தாவார் மண்ணுல இருக்காங்க. அவங்களுக்குக் கேக்கணும்."